வூதாங் மலையின் நான்காவது மாடி

கெங் ஷௌதியான் தவப்பயிற்சிக்காக வூதாங் மலைக்குப் போயிருக்கிறார் என்று லுவோயாங் ஆற்றங்கரைப் பூங்காவில் நாற்பத்தொரு பேர் மனதார நம்பிக்கொண்டிருந்தார்கள். அவரோ அந்தப் பூங்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த மருத்துவமனையின் நான்காவது மாடியில், ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு இடது கையால் வேர்க்கடலையை மாற்ற முடியாமல் அல்லாடிக்கொண்டிருந்தார். ஒரு கடலையைப் பிடிப்பதற்குள் நெற்றி வியர்த்துவிடும். பிடித்த கடலையும் பாதி வழியில் நழுவித் தரையில் உருண்டுவிடும்.

ஜூலை மாதம் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது இடது பக்கம் இழுத்துக்கொண்டது. பக்கவாதம். யாருக்கும் வரக்கூடியதுதான், ஆனால் கெங்குக்கு வரக்கூடாது. பத்தொன்பது வருஷமாகத் தினமும் காலை ஆறு மணிக்குப் பூங்காவில் கூட்டத்துக்கு முன்னால் நின்று, மெதுவாகக் கை கால் அசைத்துச் செய்யும் தாய்ச்சிப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். சொல்லிக்கொடுத்ததோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. தினம் தாய்ச்சி செய்கிறவனுக்குப் பக்கவாதம் எட்டிக்கூடப் பார்க்காது, பிரஷர் மாத்திரை உடம்பின் ஓட்டத்தை மந்தமாக்கிவிடும், தூக்கி எறியுங்கள் என்றெல்லாம் அடித்துப் பேசியவர். தன்னுடைய மாத்திரைகளை ஆறு வருஷம் முன்பே கழிவறையில் கொட்டித் தண்ணீரும் ஊற்றிவிட்டார். அத்தனை வாய்க்கொழுப்பு.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் செய்துவைத்திருந்தார். அவருடைய கூட்டத்தில் குவாய் தெஷுன் என்று ஒருவர் இருந்தார். ஆலையில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்றவர், அதிகம் பேசமாட்டார், வாத்தியார் சொன்னால் சொன்னதுதான். அவருக்கு நாலு வருஷம் முன்பு இதே நோய் வந்தது. கூட்டம் ஆடிப்போயிற்று. கெங் ஒரு நொடியில் எல்லோரையும் தேற்றிவிட்டார். குவாய் தோளைத் தூக்கித் தூக்கிச் செய்தான், பயிற்சி சரியில்லை, அதுதான் வந்துவிட்டது என்றார். எல்லோருக்கும் உயிர் வந்தது. அவரவர் தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு பயிற்சியைத் தொடர்ந்தார்கள். தப்பாகச் செய்தவனைப் போய்ப் பார்த்தால் வாத்தியார் என்ன நினைப்பாரோ என்று ஒருவரும் மருத்துவமனைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. குவாயும் அதற்குப் பிறகு பூங்காவுக்கு வரவில்லை.

ஆக, கெங்குக்கு ஒரு மலை தேவைப்பட்டது. வாய் கோணிக்கொண்டு, பேச்சு குழறிக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவர் மனைவி பெய்ஜென்னின் கையைப் பிடித்து முதன்முதலாகச் சொன்ன சொல்லே "வூதாங்" என்பதுதான். அவள் முதலில் பிதற்றல் என்று நினைத்து அழுதாள். விஷயம் புரிந்த பிறகு அழுகை நின்று கோபம் வந்தது. முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளை அதட்டிய வாய் அது.

"சொல்றேன், உங்களுக்காகச் சொல்லித் தொலைக்கிறேன். மாடிப்படி ஏற முடியாத மனுஷன் மலை ஏறப் போயிருக்காராம். கேக்கிறவங்க காதுல பூ வெச்சிருக்காங்களா என்ன?"

ஆனால் கேட்டவர்கள் நம்பினார்கள். அதிலும் சீடர்களில் மூத்தவரான ஹோவ் மாவ்சாய், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், பரவசமாகிப்போனார். வாத்தியார் எப்போது திரும்புவார் என்று கேட்டார். ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள், முதியோர் திருநாளுக்கு என்று பெய்ஜென் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள். அன்றைக்கு ஆற்றங்கரை மேடையில் வருஷாவருஷம் கெங்கின் கூட்டம்தான் முதலில் ஏறும். மருத்துவமனை வாசலிலிருந்து மேடை வரை அறுநூறு அடி இருக்கும். அந்த அறுநூறு அடியைக் கைத்தடி இல்லாமல் நடந்து மேடைக்குப் போய்விட்டால் மலை பிழைக்கும், மானமும் பிழைக்கும். கெங்கின் தலைக்குள் அந்த நாள் ஒன்றுதான் இருந்தது. நடக்காவிட்டால் இன்னொரு குவாய் ஆகிவிடுவோம் என்று நினைக்கும்போதெல்லாம் வேர்க்கடலைக் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொள்வார்.

அவரை நடக்கவைக்க வேண்டியவள் லோவ் யிங்மெய் என்ற பிசியோதெரபிஸ்ட். நாற்பதை நெருங்கும் வயது, குதிரைவால் சடை, கறாரான பெண். இரண்டாவது வாரம் அவருடைய கட்டிலருகே வந்து ஒரு நல்ல செய்தி சொன்னாள். சமநிலை திரும்புவதற்கு இப்போது தாய்ச்சியும் சிகொங்கும் சொல்லித்தருகிறார்களாம். அவளே பத்து நாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியிருக்கிறாளாம்.

"இதுக்கு முன்னாடி தாய்ச்சி செஞ்சு பழக்கம் உண்டா, பெரியப்பா?"

கெங் பெய்ஜென்னைப் பார்த்தார். பெய்ஜென் கூரையைப் பார்த்தாள். ஆலையில் கிடங்கு பார்த்தவர், வீட்டில் பூனை வளர்க்கிறார், தாய்ச்சி எல்லாம் தெரியாது என்று அவளே பதில் சொன்னாள். லோவ் படிவத்தில் "புதியவர்" என்று எழுதிக்கொண்டாள்.

பத்தொன்பது வருஷத்து வாத்தியார் மறுநாள் காலை ஐந்து நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்தார். முதலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கி இறக்கி மூச்சு விடுகிற சிகொங். லோவ் மூச்சை இழுக்க வேண்டிய இடத்தில் விட்டாள். மணிக்கட்டு மடங்கவேண்டிய இடத்தில் அவளுடையது கரண்டி பிடித்தது போல விறைத்து நின்றது. கெங் பல்லைக் கடித்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த பியான் அம்மாள், தெருமுனையில் மாட்டிறைச்சி சூப் விற்பவள், ஆயுசில் தாய்ச்சி பார்த்தறியாதவள், லோவ் செய்ததைப் பார்த்து அப்படியே செய்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வாரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேகக் கை. பக்கவாட்டில் ஒரு அடி வைத்து, எடையை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றி, கைகளை முகத்துக்கு முன்னால் சுழற்ற வேண்டும். கெங்குக்குத் தூக்கத்திலும் வரும் அடவு அது. அவர் உடம்பு அவரைக் கேட்காமலே பழைய வழக்கப்படி தொடை தரைக்குச் சமமாக வரும்வரை தாழ்ந்தது. இடது முழங்கால் மடங்கியது, அவ்வளவுதான். பாயில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

லோவ் ஓடிவந்து தூக்கினாள். முழங்காலை அமுக்கிப் பார்த்தாள். பழைய தேய்மானம், இரண்டு காலிலும், வருஷக்கணக்கில் தாழ உட்கார்ந்து உட்கார்ந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டாள்.

"இப்படித் தாழ உக்காரச் சொல்லி எவன் சொல்லிக்கொடுத்தான் உங்களுக்கு? பார்க்குல எவனாவது வாத்தியார்னு சொல்லிக்கிட்டு நின்னிருப்பான். அவனைப் பிடிச்சு உள்ள போடணும்."

"டிவியில பார்த்தது," என்றார் கெங்.

அன்றிலிருந்து நிமிர்ந்து நின்றுதான் செய்யவேண்டும் என்று உத்தரவு. தன் மாணவர்களில் எவராவது இப்படி நிமிர்ந்து நின்றிருந்தால் கெங் கம்பால் தட்டியிருப்பார். பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி நிற்காதே என்று எத்தனை பேரை வைதிருக்கிறார்! இப்போது அவரே பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி நின்றார், மேகக் கை செய்தார், ஐந்தாம் நாள் ஒன்று நடந்தது. வேர்க்கடலைக்குத் திறக்காத விரல்கள் மேகக் கைக்குத் திறந்தன. இடது கை தோள் வரைக்கும் மிதந்து எழுந்தது. கெங்குக்குக் கண் கலங்கிவிட்டது. லோவுக்கு வாயெல்லாம் பல். இவ்வளவு வயதுக்கு மேல் புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இது அபூர்வம், சின்ன வயதிலேயே யாராவது நல்ல வாத்தியார் கிடைத்திருந்தால் எங்கேயோ போயிருப்பீர்கள் என்று பாராட்டினாள். கெங் அடக்கமாகத் தலையை ஆட்டினார். வேறென்ன செய்வது?

இது ஒரு பக்கம். மறுபக்கம் பூங்காவில் வேறு கூத்து நடந்துகொண்டிருந்தது. அவர்கள் எல்லோரும் ஒரு கைபேசிக் குழுவில் இருந்தார்கள். யார் எத்தனை அடி நடந்தார்கள் என்று தினமும் அதில் பட்டியல் வரும், எல்லோரும் எல்லோருடையதையும் பார்க்கலாம். மலையைப் பற்றி யோசித்த கெங்கும் பெய்ஜென்னும் இதை யோசிக்கவில்லை. மலையேறப் போன வாத்தியாரின் கணக்கில் முதல் வாரம் முழுக்க பூஜ்யம். அடுத்த வாரம் பன்னிரண்டு அடி. அதற்கடுத்து நாற்பது. பெய்ஜென் குழுவைத் திறந்து பார்த்துவிட்டுச் சட்டென்று மூடினாள். குட்டு வெளிப்பட்டுவிட்டது என்றே நினைத்தாள்.

எங்கே வெளிப்பட்டது? ஹோவ் மாவ்சாய் எல்லோருக்கும் விளக்கம் எழுதியிருந்தார். வாத்தியார் மர நிலையில் இருக்கிறார். அசையாமல் மரம் போல நின்று செய்கிற பயிற்சி அது, எல்லாப் பயிற்சிக்கும் அடிப்படை. காலை முதல் மாலை வரை நின்ற இடத்திலேயே நிற்கிறார், சாப்பிடப் போக மட்டும் பன்னிரண்டு அடி. கீழே நாற்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். அதோடு விட்டார்களா? மறுநாளிலிருந்து இவர்களும் நிற்க ஆரம்பித்தார்கள். தினம் எட்டாயிரம் அடி நடந்த ஆட்கள், யார் குறைவு என்று போட்டி போட்டுக்கொண்டு ஐநூறு, முந்நூறு என்று இறங்கினார்கள். ஹோவ் நூற்றைம்பதுக்கு வந்துவிட்டார்.

இதற்குள் கெங் நன்றாகவே நடக்கத் தொடங்கியிருந்தார். கம்பியை விட்டு, பிறகு கைத்தடியோடு, பிறகு தடி இல்லாமல் தாழ்வாரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. கணக்கு ஒரு நாள் எண்ணூறைத் தொட்டது. குழுவில் வருத்தம் தெரிந்தது. வாத்தியாரின் மனம் அலைபாய்கிறது போலிருக்கிறது என்று ஒருவர் எழுதினார். மலையில் ஏதோ சரியில்லை என்றார் இன்னொருவர். அன்றிலிருந்து கெங் நடக்கப் போகும்போது கைபேசியைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் போனார். நடக்க முடியாதபோது வெட்கப்பட்டதைவிட நடக்க முடிந்தபோது அதிகமாக ஒளிய வேண்டியிருந்தது.

திருநாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, கெங் உடற்பயிற்சிக் கூடத்தில் கம்பிகளுக்கு நடுவே பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார். லோவ் எண்ணிக்கொண்டிருந்தாள். வாசல் பக்கத்து பெஞ்சில் புது நோயாளி ஒருவர் வந்து உட்கார்ந்தார். வலது முழங்கால் பப்பாளிப்பழம் போல வீங்கியிருந்தது. நிமிர்ந்து பார்த்தார். ஹோவ் மாவ்சாய்.

கெங் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். பிறகு ஹோவ் நொண்டிக்கொண்டே எழுந்து, நோயாளி உடுப்பில் நின்ற கெங்குக்கு முன்னால் வந்து குனிந்து வணங்கினார்.

"வாத்தியாரே, எங்க கால் வலி தெரிஞ்சு மலையிலேர்ந்து இறங்கி வந்தீங்களா? இங்க இவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறீங்களா?"

பொய் தட்டில் வைத்து நீட்டப்பட்டது. எடுத்துக்கொண்டால் போதும். கெங் அந்த முழங்காலைப் பார்த்தார். ஆமாம் என்றால் இந்த மனிதன் நாளைக்கும் போய் மரமாக நிற்பான், மற்ற நாற்பது பேரும் நிற்பார்கள். ஒவ்வொருவராக இந்த பெஞ்சுக்கு வருவார்கள். அவருக்குத் தன் மீதே அருவருப்பாக இருந்தது.

"நான் மலைக்கே போகலை, மாவ்சாய். பாத்ரூம்ல விழுந்தேன். பக்கவாதம். ஜூலைலேர்ந்து இங்கதான் கிடக்கிறேன்."

ஹோவின் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. பொய் சொன்னதற்காகத் திட்டுவார் என்று கெங் தலையைக் குனிந்துகொண்டார். திட்டினார்தான், ஆனால் அதற்காக இல்லை.

"ரெண்டு மாசத்துக்கு மேல வாத்தியார் இங்க படுத்திருக்காரு. நாங்க ஆத்தங்கரையில நின்னுகிட்டிருக்கோம். ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிட்டு வந்து எட்டிப் பார்க்கலை. ஊர்ல எங்களை என்ன சொல்வாங்க? உங்க முகத்தைக் காப்பாத்திக்கிட்டீங்க, எங்க முகத்தை எங்க கொண்டு போய் வெச்சுக்கிறது?"

அதற்கு வழியும் ஹோவே கண்டுபிடித்தார். இன்னும் தாமதமாகிவிடவில்லை, எல்லோரும் முறைப்படி வந்து பார்த்துவிடுகிறோம் என்றார். கெங் தான் ஏழாம் தேதியே வீட்டுக்குப் போகிறவர், நன்றாக நடக்கிறவர் என்று சொல்லிப் பார்த்தார். குணமானவரை வீட்டில் போய்ப் பார்ப்பதற்குப் பேர் விருந்துக்குப் போவது என்று ஹோவ் ஒரே போடாகப் போட்டார். நோயாளியைப் பார்ப்பது என்றால் கட்டில் வேண்டும், நோயாளி அதில் படுத்திருக்க வேண்டும். அதுவும் காலையில்தான் வர வேண்டும், மதியத்துக்கு மேல் நோயாளியைப் பார்த்தால் அபசகுனம். ஒரு தடவைக்கு நாலு பேர்தான் என்று வார்டில் சட்டம். ஹோவ் கணக்குப் போட்டு எட்டாம் தேதியிலிருந்து பதினொன்று வரை நாளுக்கு ஏறக்குறைய பத்துப் பேர் என்று பிரித்துவிட்டார். பக்கவாதம் என்ற செய்தி அவர்களை அசைக்கவே இல்லை என்பதுதான் கெங்குக்குப் பெரிய அடி. இத்தனை நாளாக எதற்குப் பயந்து செத்தாரோ, அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

இப்படியாக, எழுந்து நடக்க முடிந்த கெங் வீட்டுக்குப் போகிற நாளைத் தள்ளிப்போட்டுவிட்டு திருநாளன்று கட்டிலில் படுத்துக்கிடந்தார். ஜன்னல் வழியாக ஆற்றங்கரை மேளச் சத்தம் கேட்டது. நாலு நாலு பேராக வந்தார்கள். ஆப்பிள், வாழைப்பழம், பால் பெட்டிகள் கட்டிலுக்கடியில் கொள்ளாமல் அடுத்த அறையில் இருந்த பியான் அம்மாளின் கட்டிலுக்கடியிலும் போயின. வந்தவர்கள் அவருடைய இடது கையைப் பிடித்து, கஷ்டப்படுகிறாரே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்களுக்காக அவர் கொஞ்சம் முனகினார். லோவ் ஒரு தரம் எட்டிப் பார்த்து, நடக்க வேண்டியவரைப் படுக்கப்போட்டுக் கெடுக்கிறார்கள் என்று கத்திவிட்டுப் போனாள். பெய்ஜென் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து ஆப்பிள் சீவிக்கொண்டே இருந்தாள்.

"நல்லா அனுபவிங்க, கிழவரே. உடம்பு முடியாதப்ப நல்லா இருக்கிற மாதிரி நடிச்சீங்க. இப்ப திருப்பி நடிங்க."

பத்தாம் தேதி, மதியத்துக்கு மேல், வரக்கூடாத நேரத்தில் ஒருவர் வந்தார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. முழங்கால் சிகிச்சைக்கு வந்த இடத்தில், மறுநாள் வருகிறவர்களின் வரிசையைக் கட்டிலருகே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த ஹோவ்தான் முதலில் பார்த்து எழுந்து நின்றார். குவாய் தெஷுன். இடது காலைச் சற்று வட்டமாக வீசி நடந்தார், ஆனால் தடி இல்லாமல், நிதானமாக நடந்தார். கையில் ஒரு துணிப்பை.

காலையில் வந்தால் எல்லோரும் இருப்பார்கள் என்று இப்போது வந்ததாகச் சொன்னார். எங்கே உட்காருவது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தார்.

"எனக்கு முடியாம இருந்தப்ப யாரும் வரலை. அதனால வந்து என்ன பேசணும்னு எனக்குச் சரியாத் தெரியலை," என்றார். குத்திக்காட்டுகிற குரலே இல்லை. உள்ளதைச் சொல்கிற குரல்.

பையிலிருந்து ஒரு ஜோடி துணிச் செருப்பை எடுத்தார். கட்டி இழுக்கத் தேவையில்லாமல் ஒட்டிக்கொள்கிற பட்டை வைத்தது. இடது கால் செருப்பு மட்டும் ஒரு அளவு பெரிதாக இருந்தது. சாயங்காலம் அந்தப் பாதம் வீங்கும், அது தெரியாமல் தான் ஒரு வருஷம் புண்ணோடு அலைந்ததாகச் சொன்னார். பிறகு துணிப்பையை மடித்துக்கொண்டு கிளம்பினார்.

கெங் போர்வையை விலக்கினார். "படுங்க வாத்தியாரே, நாளைக்குப் பதினோரு பேர் பாக்கி இருக்காங்க," என்று ஹோவ் பதறினார். கெங் காதில் வாங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு குவாயோடு லிஃப்டுக்கு நடந்தார், வாசலைக் கடந்தார், பஸ் நிறுத்தத்துக்குப் போகிற நடைபாதையில் இறங்கினார். இரண்டு பேரும் ஒருவர் வேகத்துக்கு ஒருவர் சரியாக இருந்தார்கள். நிறுத்தத்துக்கு இருபது அடி இருக்கும்போது பஸ் வந்து நின்று, இவர்கள் போய்ச் சேர்வதற்குள் கிளம்பிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லப்போவதில்லை என்று கெங்குக்குத் தெரிந்தது.

"தெஷுன், உன் பயிற்சியில ஒரு தப்பும் இல்லை. அன்னிக்கு நான் சொன்னது பொய். மாத்திரையை நிறுத்தச் சொன்னேனே, அதனாலதான் வந்தது. உனக்கும் அதேதான், எனக்கும் அதேதான். மன்னிச்சுக்க."

மனதிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போலிருந்தது. குவாய் திரும்பி அவரைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபத்தைத் தேடினார் கெங். கோபம் இருந்திருந்தால் தேவலை.

"தப்பு இல்லையா?" என்றார் குவாய். "தோளைத் தூக்கினதாலதான்னு நினைச்சேன். நாலு வருஷமா, காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம், சுவரைப் பிடிச்சுக்கிட்டு இருபத்து நாலு அடவையும் திருத்தித் திருத்திச் செஞ்சேன். டாக்டர் எந்திரிக்கவே மாட்டேன்னு சொன்னாரு. வாத்தியார் சொன்ன தப்பைத் திருத்திட்டா சரியாயிடும்னு செஞ்சேன். அதனாலதான் எந்திரிச்சேன்."

கெங் தன் இடது செருப்பின் பட்டையைப் பிரித்து மறுபடி ஒட்டினார்.

"சரி பண்ணிட்டேன்னு சொல்லத்தான் இன்னிக்கு வந்தேன்," என்றார் குவாய். "அங்க மாவ்சாய் முன்னாடி வாய் வரலை. பூங்காவுக்குத் திரும்ப வரலாமான்னு கேக்கணும்னு நினைச்சேன்."

வா, நாளைக்கே வா என்று கெங் சொன்னார். இரண்டு முறை சொன்னார். குவாய் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தன் தோள்களைக் குனிந்து பார்த்துக்கொண்டார், முதலில் இடது, பிறகு வலது. அடுத்த பஸ் வந்தது. இடது காலைக் கையால் தூக்கிப் படியில் வைத்து ஏறினார். அவர் உட்காரும்வரை ஓட்டுநர் காத்திருந்தார். குவாய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார், வெளியே பார்க்கவில்லை.

பஸ் போன பிறகும் கெங் கொஞ்ச நேரம் எழவில்லை. மருத்துவமனை வாசல் இங்கிருந்து இருநூறு அடி. திரும்பி நடக்க வேண்டியதுதான், இப்போது நன்றாகவே நடக்க வருகிறது.